அறுபத்துமூன்றரைப் பாகை

பம்பாய் மாநகரில், மாட்டுங்கா நிலையத்திலிருந்து சயான் நிலையம் வரையில் வடக்கு நோக்கிச் செல்லும் மத்திய ரயில்வேயின் இருப்புப் பாதைக்குக் கிழக்கே ஒரு தமிழ்க் குடியிருப்பும், அதே பாதைக்கு மேற்கே மற்றொரு தமிழ்க் குடியிருப்பும், ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு காலமாக அருகருகே இருந்து வருகின்றன. கிழக்கே இருப்பது மாட்டுங்கா. குமாஸ்தாக்களும் கணக்கர்களும் சுருக்கெழுத்தாளர்களும் குடியேறி, பஜனை சமாஜமும் பள்ளிக்கூடமும் சங்கீத சபையும் ஏற்படுத்திக்கொண்ட இடம். மேற்கே இருப்பது தாராவி. திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகளும், அவர்களுடைய தோல் ஷாப்புகளில் உழைத்த ஆதிதிராவிட மக்களும், பின்னர் வந்த நாடார்களும் மற்றவர்களும் சதுப்பு நிலத்தைத் தங்கள் கையாலேயே தூர்த்து வாழத் தொடங்கிய இடம். இரு சாராரும் ஒரே ரயிலில், சில சமயம் ஒரே ஜில்லாவிலிருந்து வந்து இறங்கியவர்களே. இரண்டு இடங்களிலும் நிலம் அரிது. இரண்டு இடங்களிலும் வாசலை ஒட்டி ஓயாத போக்குவரத்து. ஆயினும் ஒன்றில் சமையலறை ஜன்னலைத் திறந்தால் வானம் தெரிகிறது; மற்றதில் நண்பகலிலும் விளக்கேற்றாமல் அரிசி பொறுக்க முடிவதில்லை. இந்த வேற்றுமைக்குச் செல்வத்தையும் வறுமையையும் மட்டும் காரணமாகச் சொல்லிவிட்டுப் போவது எளிது. அதன் வரலாற்றைப் பின்தொடர்ந்து சென்றால், ஒரு கொள்ளைநோயையும், அந்த நோயின் பயத்தால் சர்க்கார் உத்தியோகஸ்தர் ஒருவர் வற்புறுத்திய ஒரு கோணத்தையும், அந்தக் கோணம் யாருக்குக் கிடைத்தது, யாருக்கு மறுக்கப்பட்டது என்பதையும் பற்றிப் பேச வேண்டி வரும்.

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில், துறைமுகத்தை அடுத்த மாண்ட்வி வட்டாரத்தில், அகாசியோ காப்ரியேல் வியேகாஸ் என்னும் கோவா தேசத்து வைத்தியர், தம்மிடம் வந்த நோயாளிகளைப் பரிசோதித்து, இது பிளேக் என்னும் கொள்ளைநோயே என்று துணிந்து அறிவித்தார். அடுத்த சில மாதங்களில் நகரத்தை விட்டு ஜனங்கள் ரயிலிலும் படகிலும் கால்நடையாகவும் ஓடினார்கள். 1891ஆம் ஆண்டின் ஜனக்கணக்கில் 8,21,000க்கு மேல் இருந்த பம்பாயின் மக்கள்தொகை, 1901ஆம் ஆண்டில் 7,76,000 அளவுக்கு இறங்கியது. வளர்வதையே வழக்கமாகக் கொண்டிருந்த அந்த நகரம் பத்து வருஷத்தில் சுருங்கியது. ஹாஃப்கின் என்னும் விஞ்ஞானி அந்த நகரிலேயே தங்கி, 1897 ஜனவரியில் தடுப்பு மருந்தைத் தம் உடம்பிலேயே முதலில் ஏற்றிப் பரிசோதித்ததும் அந்தக் காலத்திலேதான்.

அந்நாளைய பம்பாய் வீடுகள் எப்படி இருந்தன என்பதை அறிந்தால்தான் பின்னால் நடந்தது விளங்கும். வியாபாரம் பெருகப் பெருக, தெருவை நோக்கிய முகப்புச் சிறுத்தும் பின்னோக்கிய ஆழம் நீண்டும் இருந்த மனைகளில், வீட்டுக்காரர்கள் இருந்த வெற்றிடத்தையெல்லாம் அடைத்துக் கட்டி, மேலும் மேலும் அடுக்குகளை ஏற்றி, அறை அறையாகப் பிரித்து வாடகைக்கு விட்டார்கள். தெருப்பக்கத்து அறைக்கும் கொல்லைப்பக்கத்து அறைக்கும் ஏதோ கொஞ்சம் காற்று உண்டு. நடுவில் அகப்பட்ட அறைகளுக்கு ஜன்னலே கிடையாது. இரண்டு கட்டடங்களுக்கு இடையே விட்டிருந்த குறுகிய சந்துக்குக் 'கல்லி' என்று பெயர். மேல்மாடிகளின் கழிப்பிடங்களிலிருந்து விழும் மலம் அந்தக் கல்லியில் வைத்த கூடைகளில் சேரும். 'ஹலால்கோர்' என்று அழைக்கப்பட்ட நகரசுத்தித் தொழிலாளர்கள் அந்தச் சந்தில் பக்கவாட்டில் நுழைந்து அதைத் தலையில் சுமந்து சென்றார்கள். ஆகவே வீட்டுக்குக் காற்று வரவேண்டிய ஒரே வழி, மலம் வெளியேறும் வழியாகவும் இருந்தது. இதைவிடக் கொடிய ஏற்பாட்டை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

1898ஆம் ஆண்டில் சட்டம் இயற்றி, பம்பாய் நகர அபிவிருத்தி டிரஸ்டு என்ற ஸ்தாபனத்தைச் சர்க்கார் ஏற்படுத்தியது. ஸ்காட்லாந்து தேசத்துக் கிளாஸ்கோ நகரில் 1866ஆம் ஆண்டிலிருந்து நடந்துவந்த ஒரு டிரஸ்டே இதற்கு முன்மாதிரி. இருட்டும் ஈரமும் நெரிசலுமே நோயின் பிறப்பிடம் என்பது அன்றைய அதிகாரிகளின் திடமான நம்பிக்கை. அதே 1898ஆம் ஆண்டில் கராச்சியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பால் லூயி சிமோன் என்னும் பிரெஞ்சு வைத்தியர், பிளேக்கைக் கொண்டுவருவது எலியின் தெள்ளுப்பூச்சியே என்று கண்டுபிடித்துவிட்டார். அதை உலகம் ஏற்கப் பல வருஷங்கள் பிடித்தன. அதற்குள் டிரஸ்டு, நாக்பாடாவில் தொடங்கி, நெரிசலான வட்டாரங்களை இடித்து, பிரின்ஸஸ் தெரு, ஸாண்டர்ஸ்ட் ரோடு முதலிய அகன்ற வீதிகளைக் கடற்காற்று நகரத்துக்குள் புகும்படி கிழக்கும் மேற்குமாக வெட்டியது. இடித்த அளவுக்கு ஏழைகளுக்கு வீடு கட்டித் தரவில்லை என்ற குற்றச்சாட்டு அக்காலத்திலேயே எழுந்தது. அது நியாயமான குற்றச்சாட்டு. வீடிழந்தவர்கள் அடுத்த தெருவின் 'சால்' என்னும் அறைவாடகைக் கட்டடத்துக்குப் போய், அங்கே இருந்த நெரிசலை இரட்டிப்பாக்கினார்கள். 1915ஆம் ஆண்டு சென்னை மாகாணத்து நகரங்களைச் சுற்றிப் பார்த்துத் தஞ்சாவூரையும் மதுரையையும் பற்றி அறிக்கை எழுதிய நகரமைப்பு நிபுணர் பாட்ரிக் கெட்டிஸ், இவ்வாறு மொத்தமாக இடித்துத் தள்ளும் முறையைக் கடுமையாகக் கண்டித்து, அங்கங்கே சிறிது நீக்கிச் சிறிது திருத்தினாலே போதும் என்று வாதாடினார். பின்னர் 1919இல் அவரே பம்பாய் சர்வகலாசாலையில் சமூகவியல் பேராசிரியராக வந்தார்.

டிரஸ்டின் காரியங்களில் எனக்கு நிலையான மதிப்பு உண்டாக்கியது இடிப்பு வேலை அன்று. அதன் தலைவராயிருந்த ஜே. பி. ஆர் என்னும் சிவில் உத்தியோகஸ்தர் ஓயாமல் வற்புறுத்திய ஒரு கணக்கேயாகும். வீடுகளில் வெளிச்சமும் காற்றும் என்னும் பொருளைக் குறித்து 1912ஆம் ஆண்டில் அவர் ஒரு பிரசங்கம் செய்தார். அந்த விதியைச் சாதாரணமாக இப்படிச் சொல்லலாம்: ஓர் அறையின் ஜன்னலுக்கு எதிரே மற்றொரு கட்டடம் இருக்குமானால், ஜன்னல் சுவரின் அடியிலிருந்து எதிர்க் கட்டடத்தின் உச்சிக்கு இழுத்த கோடு, தரைமட்டத்துக்கு 63½ பாகைக்கு மேற்பட்ட சாய்வில் இருக்கலாகாது. க்ஷேத்திர கணிதம் தெரிந்தவர்கள் இதன் எளிமையை உடனே அறிந்துகொள்வார்கள். உயரம் இரண்டு பங்கு, இடைவெளி ஒரு பங்கு என்றால் அந்தச் சாய்வுதான் வரும். எதிர்வீடு 40 அடி உயரமானால் நடுவே 20 அடி திறந்த வெளி வேண்டும். 60 அடி உயரமானால் 30 அடி வேண்டும். இந்தப் பாகை ஆரின் சொந்தக் கற்பனையும் அன்று. 1894ஆம் ஆண்டின் லண்டன் கட்டடச் சட்டத்தில் வீட்டின் பின்புறத்துக்கென்று விதித்திருந்ததையே அவர் பம்பாய்க்குக் கொண்டுவந்தார். ஆனால் லண்டனில் பின்புறத்துக்கு மட்டும் போதுமென்றிருந்ததை, மனிதர் வசிக்கும் ஒவ்வோர் அறைக்கும் உரிய நியாயமாக அவர் ஆக்க விரும்பியதில்தான் அவருடைய பெருமை இருக்கிறது.

இத்தகைய விதி இல்லாத இடத்தில் என்ன நேரும் என்பதற்கு நியூயார்க் நகரம் சாக்ஷி. அங்கே மனைகள் 25 அடி அகலமும் 100 அடி ஆழமுமாக அறுக்கப்பட்டிருந்தன. 1879ஆம் ஆண்டில் ஒவ்வோர் அறைக்கும் ஜன்னல் வேண்டும் என்று சட்டம் வந்தபொழுது, கட்டுவோர் இரு கட்டடங்களுக்கு நடுவே சில அடி அகலமே உள்ள ஒரு காற்றுக்கூண்டை விட்டு, அதை நோக்கி ஜன்னல் வைத்துச் சட்டத்தைத் திருப்தி செய்துவிட்டார்கள். அந்தக் கூண்டில் வெளிச்சம் இறங்கவில்லை. குப்பையும் துர்நாற்றமும், தீப்பற்றினால் நெருப்புமே ஏறி இறங்கின. 1901இல் வேறு சட்டம் செய்து அதை நிறுத்தினார்கள். ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்தால் போதாது, ஜன்னலுக்கு முன்னால் எவ்வளவு வெளி இருக்கிறது என்று அளக்க வேண்டும் என்பது அந்த அனுபவத்தால் நிரூபணமாயிற்று.

பம்பாய்க்கு வந்த தமிழனுக்குக் குறுகிய மனை என்பது புதிய விஷயம் அன்று. தஞ்சை ஜில்லாவின் அக்கிரகாரத்து வீடு தெருவில் சிறிதளவே முகப்புக் காட்டி, திண்ணை, ரேழி, கூடம், முற்றம், இரண்டாங்கட்டு, கொல்லை என்று பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். இரு புறத்துச் சுவரும் அண்டை வீட்டாருக்கும் பொதுவாகையால் பக்கத்தில் ஜன்னல் வைக்க இடமில்லை. வெளிச்சம் முழுவதும் நடு முற்றத்தின் வழியே மேலிருந்து இறங்க வேண்டும். ஒற்றைத் தளமாயிருக்கும் வரையில் அந்த முற்றம் நெல் உலர்த்தப் போதும், மழை நீர் பிடிக்கப் போதும், கூடத்தில் உட்கார்ந்து ஏடு படிக்கவும் போதும். அதே முற்றத்தைச் சுற்றி நான்கு தளங்களை எழுப்பிவிட்டால், அடியில் இருப்பவனுக்கு அது கிணறாகிவிடும். பத்தடி முற்றத்துக்கு இருபதடிச் சுவரே எல்லை என்று ஆரின் விதி கூறுகிறது. நம்முடைய கொத்தனார்கள் பாகைக் கணக்குப் போடாமலேயே பழக்கத்தால் இதை அனுசரித்து வந்தார்கள். உயரத்தைக் கூட்டும் நிர்ப்பந்தம் அவர்களுக்கு நேரவில்லை. கழிப்பிடமோ கொல்லையின் கடைசியில், வீட்டின் வாசமும் ஆசாரமும் எட்டாத தூரத்தில் இருந்தது.

இந்தப் பழக்கத்தோடு வந்தவன் சாலில் ஓர் அறையை ஏற்றபொழுது பட்ட மனக்கஷ்டம் கொஞ்சமன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடியாக ஓர் அறை. அதன் மூலையில் குளிக்கவும் பாத்திரம் தேய்க்கவும் ஒரு 'மோரி'. அறைக்கு முன்னே அந்தத் தளத்தார் அனைவரும் நடமாடும் நீண்ட நடை. நடையின் கோடியில் எல்லோருக்கும் பொதுவான கழிப்பிடங்கள். 1920களில் பம்பாய் வளர்ச்சி இலாகா வொர்லி, நாயகாவ், ஸிவ்ரீ, டிலைல் ரோடு ஆகிய இடங்களில் தொழிலாளருக்கென்று கட்டிய 207 கட்டடங்களும் இதே அமைப்பின் பெரிய பதிப்புகளே. அறை ஒவ்வொன்றும் சுமார் 160 சதுர அடி.

மாட்டுங்கா உருவானது இதற்கு மாறான வழியில். தாதர், மாட்டுங்கா, சயான் ஆகிய கிராமங்களின் வயல்களையும் தாழ்ந்த நிலங்களையும் டிரஸ்டு கையகப்படுத்தி, மேடாக்கி, முதலில் வீதிகளைப் போட்டு, வீதிகளின் அடியில் ஜலமும் கழிவுநீரும் ஓடக் குழாய்களைப் புதைத்து, பின்னரே மனைகளைப் பிரித்தது. ஐரோப்பிய மகாயுத்தத்தால் வேலை தடைப்பட்டு, 1920களிலும் 1930களிலும்தான் கட்டடங்கள் எழுந்தன. வின்ஸெண்ட் ரோடு என்று அப்போது பெயர் பெற்று இப்பொழுது டாக்டர் அம்பேத்கர் சாலையாக விளங்கும் ராஜபாட்டை, கிங்ஸ் ஸர்க்கிள் என்ற வட்டப் பூங்கா, அதிலிருந்து பிரிந்து செல்லும் மரநிழல் வீதிகள் யாவும் அந்தத் திட்டத்தின் காரியம். மனையில் எவ்வளவு பாகம் கட்டலாம், எவ்வளவு வெறுமையாக விடவேண்டும், எத்தனை அடுக்கு எழுப்பலாம் என்பதெல்லாம் குத்தகைப் பத்திரத்திலேயே நிபந்தனையாக எழுதப்பட்டன. ஆகையால் தரைத்தளமும் அதன்மேல் இரண்டு மூன்று அடுக்குகளுமாக, நான்கு பக்கமும் சிறிதேனும் வெளி விட்ட கட்டடங்கள் தோன்றின.

அந்தக் கட்டடங்களில் பிறந்ததுதான் இன்று நாம் ஃபிளாட் என்று சாதாரணமாகச் சொல்லும் வீடு. சிமெண்டும் இரும்புக் கம்பியும் சேர்ந்த கான்கிரீட் வந்ததனால் சுவர்கள் மெலிந்தன, இடம் மிஞ்சியது. தரைக்கடியில் கழிவுநீர்க் குழாய் ஓடியதால் கழிப்பிடம் கொல்லையை விட்டு வீட்டுக்குள்ளேயே நுழைய முடிந்தது. இது சிறிய காரியம் அன்று. பூஜை நடக்கும் வீட்டின் கூரைக்குள்ளே, சமையலறைக்குச் சில அடி தூரத்தில் கழிப்பிடமா என்று தயங்கிய ஆசாரசீலர்கள், பலரோடு கலந்து வரிசையில் நிற்கும் சாலின் கழிப்பிடத்தைவிட, தமக்கே உரியதாகக் கதவடைத்துக்கொள்ளும் ஒன்றே ஆசாரத்துக்கு உகந்தது என்று படிப்படியாகத் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் வீட்டின் அமைப்பையே மாற்றியது. வாசலில் கூடம், நடுவில் அறை, பின்னால் சமையலறை, அதற்கும் பின்னால் குளியலறையும் கழிப்பிடமும் என்று அக்கிரகாரத்து வீட்டின் வரிசையே ஒரு தளத்துக்குள் மடிந்து அமர்ந்தது. திண்ணையின் ஸ்தானத்தைத் தெருவைப் பார்த்த பால்கனி பெற்றது.

இங்கே மறைக்காமல் சொல்லவேண்டிய ஒன்று உண்டு. அக்காலத்துக் கட்டடங்கள் பலவற்றின் பின்புறத்தில் இரும்பாலான சுழற்படி ஒன்று கழிப்பிடங்களை ஒட்டி மேலே ஏறுவதை இன்றும் காணலாம். சுத்தம் செய்ய வரும் தொழிலாளி வீட்டுக்குள் நுழையாமல், வாசற்படியை மிதிக்காமல், பின்வழியாகவே ஏறி இறங்குவதற்காக அமைத்த படி அது. குறுகிய மனையில் ஒவ்வோர் அடியையும் கணக்குப் பார்த்துச் செலவிட்ட கட்டடக்காரர்கள், ஜாதி விலக்குக்காக ஒரு முழுப் படிக்கட்டையே ஒதுக்க மனங்கொண்டார்கள் என்பது நம் சமூகத்தைப் பற்றிய கசப்பான உண்மை. கல்லியில் நுழைந்து சுமந்தவனுடைய சுமை குறைந்தது. அவனுக்கு விதித்த வழி மாறவில்லை.

மாட்டுங்காவின் பொதுவாழ்வைப் பற்றி எழுதினால் அது தனி நூலாகும். 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கம் பள்ளிக்கூடத்தைத் தொடங்கியது. 1942இல் ராமா நாயக் ரயில் நிலையத்துக்கு அருகே ஏற்படுத்திய உடுப்பி போஜனசாலை, குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு ஒரே ஃபிளாட்டைப் பலராகப் பகிர்ந்து தங்கிய பிரமசாரிகளுக்கும் இளைஞர்களுக்கும் தாய்வீட்டுச் சாப்பாட்டை நினைவூட்டியது. 1952இல் உருவான ஷண்முகானந்த சபை 1963இல் தன் மாபெரும் மண்டபத்தைத் திறந்தது. வீட்டுக்குள் இடம் குறைவாயிருந்தவர்களுக்கு வீட்டுக்கு வெளியே விசாலமான கூடங்கள் வேண்டியிருந்தன. அவற்றை அவர்கள் சந்தா சேர்த்துக் கட்டிக்கொண்டார்கள். 1947ஆம் ஆண்டின் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப்பின் வாடகை அப்படியே உறைந்து நின்று, 'பகடி' என்னும் முன்தொகை கொடுத்து வாங்கும் குடியிருப்புரிமை வழக்கமாகி, கட்டடங்களைப் பழுதுபார்ப்பார் இல்லாமற்போயிற்று. இளைய தலைமுறை செம்பூருக்கும் முலுந்துக்கும் டோம்பிவிலிக்கும் பெயர்ந்தது. டிராம்பேயில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் அணுசக்தி நிலையமும் 1950களில் வந்தபோது செம்பூரில் தமிழர் தொகை பெருகிற்று. ஊரின் குப்பையை ஏற்றிச் செல்வதற்கென்று 1906இல் குர்லாவிலிருந்து போட்ட ரயில் பாதையின் ஓரத்திலே, முருகன் கோயிலும் கலைச் சங்கமும் கொண்ட மற்றொரு மாட்டுங்கா உருவாயிற்று.

இனி இருப்புப் பாதைக்கு மேற்கே வருவோம். தோல் பதனிடும் தொழிலின் நாற்றம் நகரத்துக்கு ஆகாது என்று கருதியதால், மீன்பிடிக்கும் கோலி மக்களின் பழைய கிராமமாகிய தாராவியின் பக்கமாக, பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது தள்ளப்பட்டது. பாந்த்ராவின் இறைச்சிக் கொட்டில் அருகில் இருந்ததால் பச்சைத் தோலுக்குக் குறைவில்லை. வேலைக்கு ஆள் வேண்டும். ஆளுக்கு வீடு வேண்டும் என்பதைப் பற்றி எவரும் கவலை கொள்ளவில்லை. மாட்டுங்காவுக்குக் கிடைத்த முறையான வீதிகளும், குழாய்களும், மனைப்பிரிவும் தாராவிக்குக் கிடைக்கவில்லை. மண்ணையும் சாம்பலையும் ஆலைக் கழிவையும் கொட்டிச் சேற்றை மேடாக்கி, அதன்மேல் தகரமும் கோணியும் கொண்டு முதலில் கூரை போட்டவர்கள், பிறகு ஒவ்வொரு வருஷமும் கொஞ்சம் செங்கல், கொஞ்சம் சிமெண்டு என்று சேர்த்து நிரந்தர வீடாக்கினார்கள்.

அந்த வீட்டை ஏளனமாகவோ இரக்கமாகவோ மட்டும் பார்ப்பவர்கள் அதை அறிந்தவர்கள் அல்லர். பத்தடி முகப்பும் பதினைந்தடி ஆழமும் உள்ள ஒரு தாராவி வீட்டில், கீழே மாவு அரைக்கும் யந்திரமும் இட்லிக் கொப்பரையும், அல்லது தையல் மிஷினும் தோல்பை வேலையும், மேலே குடும்பம். விடியுமுன் இங்கே வெந்த இட்லிதான் சைக்கிளில் ஏறி நகரம் முழுவதும் காலையில் விற்கிறது. மேலே ஏற உள்ளே படிவைத்தால் இடம் போய்விடும். ஆகவே வெளிச்சுவரில் சாய்த்த இரும்பேணி. 90 அடி சாலையின் ஓரத்தில் நின்று பார்த்தால், கடைகளின் வரிசைக்கு மேலே இந்த ஏணிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தெருவை நோக்கி இறங்கி, நடைபாதையின் நெரிசலுக்குள் கால் ஊன்றி நிற்பதைக் காணலாம். சாலையை ஒட்டிய வீட்டுக்கு வாகனங்களின் இரைச்சலும் புகையும் உண்டு. ஆனால் வாடிக்கைக்காரனும் உண்டு, வெளிச்சமும் உண்டு. ஆகையால் சாலையோரத்து இடத்துக்கே விலை அதிகம். உள்ளே போகப் போகச் சந்துகள் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ளும்படி சுருங்கும். காலுக்கடியில் சாக்கடை, தலைக்குமேல் இரு வீட்டின் கூரைகளும் ஒன்றையொன்று தொடும். அங்கே 63½ பாகை என்ற பேச்சுக்கே இடமில்லை.

உயரத்துக்கு மட்டும் ஒரு விதி இருந்தது. குடிசைப் பகுதியில் பதினான்கு அடிக்கு மேல் எழுப்பிய சுவரை நகராட்சி இடிக்கும் என்பது எல்லோரும் அறிந்த எல்லை. பதினான்கு அடிக்குள் கீழே ஒரு தளமும் மேலே குனிந்து நடக்கும் ஒரு பரணும் கட்டாயம் பிடித்துவிடலாம் என்று மக்கள் கண்டுகொண்டார்கள்.

இந்த ஞானத்தைக் கட்டடக் கலைக்குரிய ஞானமாக முதலில் மதித்தவர்களில் ஜாக்கின் அற்புதம் தலையானவர். கோலார் தங்கவயலில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, 1960களில் பம்பாய்க்கு வந்து, அணுசக்தி நிலையத்தை அடுத்த ஜனதா காலனியில் வசித்தவர் அவர். 1976ஆம் ஆண்டு மே மாதத்தில், நெருக்கடி நிலை அமலிலிருந்தபோது, அந்தக் காலனியின் சுமார் 70,000 பேரையும் அப்புறப்படுத்தி, கடலோரச் சேற்று நிலமாகிய சீத்தா காம்ப்பில் கொண்டுபோய் விட்டார்கள். தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பின் தலைவராக, பிற்காலத்தில் மாக்ஸேஸே விருதும் பத்மஸ்ரீயும் பெற்று, 2018இல் காலமான அவரும், ஸ்பார்க் என்னும் ஸ்தாபனமும், பைக்குளா நடைபாதைகளில் வாழ்ந்த பெண்கள் அமைத்த மகிளா மிலனும் சேர்ந்து, 1980களில் ஓர் அரிய காரியம் செய்தார்கள். வீடில்லாத அந்தப் பெண்களிடமே, உங்களுக்கு எத்தகைய வீடு வேண்டும் என்று கேட்டு, மரச்சட்டமும் துணியும் கொண்டு நிஜ அளவிலேயே மாதிரி வீடுகளை எழுப்பிக் காட்டச் சொன்னார்கள். பல மாதிரிகளைப் போட்டுப் பார்த்த அப்பெண்கள் வந்தடைந்தது பதினான்கு அடி உயரமுள்ள ஒரே அறை. அதன் பாதியில் பரண். கீழே சமையலும் வேலையும், மேலே உறக்கமும். வீடு ஒவ்வொன்றுக்கும் தனிக் கழிப்பிடம் வேண்டாம், சில குடும்பங்களுக்குப் பொதுவாக நடையில் இருந்தால் போதும், செலவும் குறையும், அறையின் இடமும் மிஞ்சும் என்றும் சொன்னார்கள். மாட்டுங்கா எதை வீட்டுக்குள் கொண்டுவரப் போராடிற்றோ, அதையே இவர்கள் தம் விருப்பத்தால் வெளியே வைத்தார்கள். இரண்டையும் தவறென்று நான் சொல்லமாட்டேன். வசிப்பவர் தாமே தீர்மானித்தார்கள் என்பதுதான் இரண்டிலும் உள்ள சிறப்பு.

சர்க்காரின் திட்டங்களோ வேறு வழியில் சென்றன. 1971இல் குடிசைப் பகுதிச் சட்டம், 1976இல் குடிசைக் கணக்கெடுப்பு, 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய்க்கு அளித்த நூறு கோடி ரூபாய், 1995இல் குடிசை மறுவாழ்வு ஆணையம் என்று ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. கடைசியில் வந்த ஏற்பாடு இதுதான்: கட்டுபவன் குடிசைவாசிக்கு இலவசமாக ஒரு வீடு தருவான், மிச்ச நிலத்தில் எழுப்பும் வீடுகளைச் சந்தையில் விற்று லாபம் காண்பான். இலவச வீட்டின் அளவு 180 சதுர அடியாக இருந்து, 225 ஆகி, 269 ஆகி, 300 ஆயிற்று. ஒவ்வொரு முறை அளவு கூடும்போதும் அதுவே வெற்றியாகக் கொண்டாடப்பட்டது. ஆனால் சதுர அடி என்பது தரையின் கணக்கு. ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதை அது சொல்லாது. மறுவாழ்வுக் கட்டடங்களுக்கு லாபக் கணக்கு சரிவர வேண்டும் என்பதற்காக, மற்றக் கட்டடங்களுக்குள்ள இடைவெளி விதிகளிலிருந்து சலுகை அளித்தார்கள்.

அந்தச் சலுகையின் பலனைச் செம்பூரை அடுத்த கோவண்டியிலும் மான்கூர்டிலும் காணலாம். ரயில் பாதைகளையும் இணைப்புச் சாலைகளையும் விரிவாக்குவதற்காகப் பெயர்க்கப்பட்ட பல்லாயிரம் குடும்பங்களை லல்லுபாய் காம்பௌண்டு, நட்வர் பாரேக் காம்பௌண்டு முதலிய இடங்களில் 225 சதுர அடி வீடுகளில் குடியேற்றினார்கள். ஏழெட்டு அடுக்குள்ள கட்டடங்கள், சுமார் 21 மீட்டர் உயரம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இடையே மூன்று மீட்டர். ஆரின் விதிப்படி அந்த உயரத்துக்குப் பத்தரை மீட்டர் வெளி விட்டிருக்க வேண்டும். இருக்கும் கோணத்தைக் கணக்கிட்டால் 63½ பாகைக்குப் பதிலாக 82 பாகைக்கு அருகில் வரும். கீழ்த்தளத்து வீடுகளில் சூரியன் எட்டிப் பார்ப்பதே இல்லை. இடையே விட்ட சந்தில் குப்பை குவிவதால் இருக்கும் ஜன்னலையும் மூடியே வைக்கிறார்கள். அங்கே நடத்தி 2018இல் வெளிவந்த ஓர் ஆய்வு, க்ஷயரோகத்துக்கும் இவ்வீடுகளின் வெளிச்சக் குறைவுக்கும் காற்றோட்டக் குறைவுக்கும் உள்ள சம்பந்தத்தை எடுத்துக் காட்டிற்று. கீழ்த்தளங்களில் நோய் மிகுதி என்றும் கூறிற்று. 1896இன் அதிகாரிகள் பிளேக்கின் காரணத்தைத் தவறாக நினைத்தார்கள். ஆனால் இருட்டறை நோய் வளர்க்கும் என்று அவர்கள் சொன்னது க்ஷயரோகத்தின் விஷயத்தில் முற்றிலும் மெய். தெரிந்த உண்மையை நாமே நீக்கிவிட்டுக் கட்டியிருக்கிறோம் என்பதை நினைக்கையில் நெஞ்சு பதைக்கிறது.

மாட்டுங்காவும் இந்த மாறுதலுக்குத் தப்பவில்லை. பழைய மூன்று மாடிக் கட்டடங்களை இடித்து, அதே சிறு மனையில் மிக உயர்ந்த ஒற்றைக் கோபுரங்களை எழுப்புவதற்கும் விதிகள் இடம் கொடுக்கின்றன. அடியில் பல தளங்கள் மோட்டார்களுக்கு. குடித்தனம் அதற்கு மேலே. மேலே வசிப்பவருக்கு வெளிச்சம் தாராளம். பக்கத்து மனையில் இன்னும் இடியாமல் நிற்கும் பழைய கட்டடத்தின் சமையலறைக்குத்தான் பகல் குறைந்துவிட்டது.

தாராவிக்குப் புதிய திட்டம் 2004இல் முதலில் அங்கீகரிக்கப்பட்டு, பல முறை தடைப்பட்டு, 2022இல் ஏலத்தில் அதானி குழுமத்துக்குக் கிடைத்து, இப்போது கணக்கெடுப்பும் வரைபடங்களுமாக நடந்து வருகிறது. 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதிக்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் வசிப்பவருக்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு என்று வாக்களித்திருக்கிறார்கள். பரணிலும் மேல்மாடியிலும் வசிப்பவர்களுக்கு அந்த உரிமை இல்லை. அவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, வாடகைக்கோ தவணைக்கோ, வேறு வீடு. பத்தடிக்குப் பதினைந்தடி நிலத்தின்மேல் இரும்பேணி சாய்த்து, இன்னொரு குடும்பத்துக்கு இடம் கண்டதே அந்த ஊரின் நூற்றாண்டுத் தச்சு. கீழே இட்லி வேகும் வீட்டுக்கு மேலே மூன்று தலைமுறையாக வாடகை கொடுத்துக் குடியிருந்து, பிள்ளைகளை 90 அடி சாலையிலிருந்து பள்ளிக்கூடம் அனுப்பி வருபவர்களுடைய பெயர்கள் வேறொரு பட்டியலில், ஊருக்கு வெளியே என்று குறிக்கப்பட்டு எழுதப்படுகின்றன. அவர்களுக்கென்று வரையப்படும் கட்டடங்களில் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே எத்தனை மீட்டர் என்பதை, தாராவியின் தமிழ்ச் சங்கங்களும் மாட்டுங்காவின் சமாஜங்களும் ஒன்றாகச் சென்று கேட்க இன்னும் அவகாசம் இருக்கிறது.